கேரளக் கால்பந்தின் ஆசான்கள்: முதலிடம் யாருக்கு?

ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் மாலை வேளைகளில் கூடும் நம் தோழர்களிடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. கேரளக் கால்பந்தாட்டப் பயிற்சியாளர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே அது. ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவது எளிது. எண்ணிச் சொல்லக் கோல்கள் இருக்கின்றன. பயிற்சியாளரோ கோட்டுக்கு வெளியே நிற்பவர். அவரை எதைக் கொண்டு அளப்பது?

மலையாளிகள் பயிற்சியாளரை 'ஆசான்' என்று அன்போடு அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நமக்கும் உரிய சொல்தானே அது! மாணவன் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஆசிரியரை மதிப்பிட மாட்டோம்; அவன் எந்நிலையில் வந்தான், எந்நிலைக்கு உயர்ந்தான் என்றும் கேட்போம். இங்கும் அதுவே முறை.

அளவுகோலுக்கு ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீமை எடுத்துக்கொள்வோம். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர். ஜகார்த்தாவில் 1962இல் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். ரகீம் அவரை ஒதுக்கிவிடவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார். இறுதியாட்டத்தில் ஜர்னைலும் ஒரு கோல் அடிக்க, தென்கொரியா 2–1 என்று தோற்றது. கையில் இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்து காட்டுவது இதுவன்றோ!

அந்த ரகீமின்கீழ் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். அங்கே பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா அடித்த கோலுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய ஆடவர் கோல் அடிக்கவே இல்லை. 1960க்குப் பின் அணி அங்கே தகுதி பெறவும் இல்லை. சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கியது. அதைக் கேரளம் முதன்முதலாக வென்றது 1973இல், பயிற்சியாளர் சைமன். எறணாகுளத்து இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வீழ்த்தியபோது மூன்று கோல்களையும் அடித்தவர் கேப்டன் மணி. மணியின் பெயர் இங்கே பலருக்குத் தெரியும். சைமனின் பெயர் நம்மவருள்ளேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆயினும், தமிழர் என்பதற்காக அவருக்கு முதலிடம் தர நான் ஒருப்படேன். அவர் வென்றது ஒரே கோப்பை. அதுவும் சொந்த மண்ணில். அவருக்கு இரண்டாம் இடம்.

முதலிடம் டி.கே. சாத்துண்ணிக்கு. சந்தோஷ் கோப்பை வென்ற பயிற்சியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று சிலர் சீறி எழுவர். எழட்டும். 1990இல் திருச்சூரில் கேரளப் போலீஸ் அணியை ஃபெடரேஷன் கோப்பைக்கு உரியதாக்கியவர் அவர். விஜயன், சத்யன், ஷரஃபலி, பாப்பச்சன் போன்றோர் சீருடை அணிந்து ஆடிய அணி அது. கேரளத்துக்கு அக்கோப்பை வந்தது அதுவே முதல் தடவை. பின்னர்க் கொல்கத்தாவுக்கே சென்று மோகன் பகானுக்கு 1997–98 தேசிய லீக் பட்டத்தை ஈட்டித் தந்தார். வங்காளிகளுக்குக் கால்பந்து கற்பிக்கப் போவது கும்பகோணத்தாருக்குக் காப்பி போடக் கற்பிப்பது போன்றது! 2024இல் அவர் மறைந்தார்.

டி.ஏ. ஜாஃபர் 1992இல் கோயம்புத்தூரிலும் 1993இல் கொச்சியிலும் அடுத்தடுத்துச் சந்தோஷ் கோப்பையை வென்றார். எண்ணிக்கையில் சைமனை மிஞ்சியவர்தாம். ஆனால் விஜயனும் சத்யனும் ஆடிய தலைமுறை அவர் கையில் கனிந்த பழமாக வந்தது; பழுக்க வைத்தவர் வேறு. மூன்றாம் இடம். 2001இலும் 2004இலும் வென்ற எம். பீதாம்பரன் நான்காமவர். அவர் வென்ற இரண்டும் வெளியூரில், மும்பையிலும் டில்லியிலும் என்பதால், அவரை ஜாஃபருக்கு மேலே வைப்பாரோடு நான் சண்டையிட மாட்டேன்.

அதன்பின் பதினான்கு ஆண்டு வறட்சி. 2018இல் சதீவன் பாலன் அதை முடித்தார். வங்காளத்தை வங்காள மண்ணிலேயே, சால்ட் லேக் அரங்கில், பெனால்டியில் வென்றார். 2022இல் பினோ ஜார்ஜின் அணியும் வங்காளத்தையே பெனால்டியில் வென்றது. ஆனால் ஆடியது மஞ்சேரியில், ஊரே திரண்டு ஆரவாரிக்க. ஆகவே சதீவன் ஐந்தாவது, பினோ ஆறாவது.