ஓசூர்க் கோட்டையும் ஒரு பென்சிலும்

ஓவியர் ஒரு காட்சியின் முன் உட்கார்ந்து விரைந்து போடும் முதல் கோடுகளுக்கு ஸ்கெட்ச் என்று பெயர். கோட்டோவியம் என்றும் சொல்வார்கள். எங்கிருந்து பார்ப்பது, எதைப் பெரிதாகக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்பவையெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். வண்ணம் அதற்குப் பிறகுதான்.

அப்படிக் கோடுகளில் பதிவான ஊர்களில் ஒன்று, ஆனேக்கல் வட்டத்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் வரும் ஓசூர். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்தார்கள். வில்லியமுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சென்னையில் தொடங்கிய அந்தப் பயணத்தில் ஓசூர், ராயக்கோட்டை, மதுரை, பாபநாசம் அருவி, தஞ்சைப் பெரிய கோயில் என்று வழிநெடுக வரைந்துகொண்டே போனார்கள்.

கையோடு ஒரு கருவியும் கொண்டுபோனார்கள். கேமரா அப்ஸ்க்யூரா எனப்படும் இருட்டுப் பெட்டி அது. லென்ஸ் வழியே நுழையும் வெளிச்சத்தைக் கண்ணாடி திருப்பிவிட, எதிரேயுள்ள காட்சி அப்படியே தாளில் வந்து விழும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் மலையின் விளிம்பும் மதிலின் சரிவும் அளவு பிசகாமல் கிடைத்துவிடும். ஆனால் பென்சில் போய்ச் சேர்வதற்குள் தென்னங்கீற்று காற்றில் அசைந்துவிடும். மேய்கிற மாடு நகர்ந்துவிடும். பெட்டிக்குள் பிடிபடுவது அசையாத பொருள் மட்டுமே. மற்றதைக் கண்ணால் பார்த்து, மனத்தில் வைத்து, கையால்தான் போட வேண்டும். கருவி இருந்தும் ஓவியர் வேண்டியிருந்தது இதனால்தான்.

இருவரும் இங்கிலாந்து திரும்பியபின் இந்த ஸ்கெட்ச்சுகளே அவர்களுக்கு முதலீடு. ‘ஓரியன்டல் சீனரி’ என்ற அவர்களுடைய தொகுப்பு 1795 முதல் 1808 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது; மொத்தம் 144 படங்கள். அவை செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் அக்வாடின்ட் முறையில் ஆனவை. ஓசூர்ப் படம் அச்சேறியபோது அந்த ஊரைப் பார்த்து ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது. லண்டனில் பனைமரம் ஏது, மதில் சூழ்ந்த மைசூர்ச் சீமைக் கோட்டை ஏது? அன்று தாளில் ஏறாத ஒன்றை மறுபடி வந்து பார்க்க வழியில்லை. பல ஓவியர்கள் ஸ்கெட்ச்சின் ஓரத்திலேயே நிறத்தையும் வெயிலின் திசையையும் குறித்துவைப்பது இதற்காகத்தான். அந்தக் கோடுகளின் நேர்மைக்குப் பின்னாளில் ஒரு சோதனையும் நடந்தது. புகைப்படக் கலைஞர் அன்டோனியோ மார்ட்டினெல்லி இரு நூற்றாண்டுகள் கழித்து அதே இடங்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தார். அப்படங்களையும் டேனியல்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அவர்கள் எங்கே உட்கார்ந்து வரைந்தார்கள் என்றுகூட ஊகிக்க முடிகிறது.

எல்லா ஸ்கெட்ச்சும் இன்னொரு படத்துக்கான தயாரிப்பாகவே நின்றுவிடுவதில்லை. திருச்சி மாவட்டம் கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலத்தின் கையில் கோடே முழு ஓவியமானது. காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் காந்தியை ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். முகம் ஒன்றுதான், ஆனால் ஒரு தாளில் கோடு நெருங்கிப் பின்னும், இன்னொன்றில் இரண்டு மூன்று வளைவோடு நின்றுவிடும். எவ்வளவு தூரம் குறைத்தாலும் காந்தி காந்தியாகவே இருப்பாரா என்று ஆதிமூலம் ஒவ்வொரு தாளிலும் தேடியிருக்கிறார். நூறாவது தாளின் துணிச்சல் முதல் தாளில் வராது; இடையில் உள்ள அத்தனையும் வரைந்தால்தான் கைக்கு அது வரும்.

பின்னாளில் அவர் எண்ணெய் வண்ணத்துக்கு மாறி, நிலக்காட்சியை வெறும் நிறப் பரப்புகளாகத் தீட்டினார். அவற்றில் பேனாக்கோடு கண்ணில் படாது. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்க வேண்டும் என்ற தீர்மானத்தில்தான் கோட்டில் பழகிய அந்தக் கை தெரியும்.