பெத்தாங்க் குண்டும் முதல் கேட் மாடலும்

கேட் லேப்ல முதல் சில வாரம் பெரும்பாலும் என்ன நடக்குது? ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதுல சொல்ற அளவை அப்படியே டைப் பண்ணி, ஒரு பிராக்கெட்டோ ஃபிளாஞ்சோ வரைஞ்சு முடிக்கிறோம். மாடல் அழகாத்தான் வரும். ஆனா "இந்த இடத்துல ஏன் 12 மி.மீ.?"னு வைவால ஒரு கேள்வி வந்தா பதில் இருக்காது. அந்த எண் நம்முடையது இல்லையே!

இதுக்கு ஒரு நல்ல மருந்து, விதிமுறை உள்ள ஒரு விளையாட்டுப் பொருளை மாடல் பண்றது. நமக்கு அது பக்கத்துலயே இருக்கு. நோணாங்குப்பத்துலேர்ந்து அரியாங்குப்பம் தாண்டி டவுனுக்குள்ள போனா, சாயங்கால நேரத்துல இரும்புக் குண்டு வீசி ஆடுறவங்களை இன்னிக்கும் பாக்கலாம். அதுதான் பெத்தாங்க். தென் பிரான்ஸ்ல லா சியோத்தா ஊர்ல பிறந்த ஆட்டம். 1954-ல பிரெஞ்சு ஆட்சி போச்சு, ஆட்டம் இங்கேயே தங்கிடுச்சு.

ஆட்டம் ரொம்ப எளிமை. 30 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்னப் பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்துல போடுவாங்க. பிரெஞ்சுல அதுக்குப் பேரு 'கொஷொன்னே', அதாவது பன்றிக்குட்டி. யாரோட குண்டு அதுக்குக் கிட்ட நிக்குதோ அவங்களுக்குப் புள்ளி. 13 புள்ளி எடுத்தா ஜெயிச்சாச்சு.

நமக்கு வேண்டியது அந்தக் குண்டு. போட்டி விதிப்படி அது உலோகமா இருக்கணும். விட்டம் 70.5 மி.மீ.லேர்ந்து 80 மி.மீ.க்குள்ள, எடை 650 கிராம்லேர்ந்து 800 கிராமுக்குள்ள. உள்ளே ஈயமோ மணலோ நிரப்பக் கூடாது.

முதல்ல பேப்பர், அப்புறம் கம்ப்யூட்டர்

"ஒரு பந்துதானே, அரை வட்டம் வரைஞ்சு சுத்திவிட்டா முடிஞ்சுது"னு தோணும். கொஞ்சம் பொறுங்க. 74 மி.மீ. விட்டமுள்ள திட உருண்டையோட கன அளவு சுமார் 212 கன செ.மீ. உருக்கோட அடர்த்தி 7.85. பெருக்கிப் பாத்தா 1,666 கிராம் வருது. விதி சொல்ற உச்ச வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல. அப்போ குண்டு உள்ளே வெற்றா இருந்தாகணும். வெளியிலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத இந்த விஷயத்தை ஒரு பெருக்கல் கணக்கு சொல்லிடுச்சு.

சரி, 700 கிராம் குண்டு வேணும்னா சுவர் எவ்வளவு தடிமன்? 700-ஐ 7.85-ஆல வகுத்தா 89.2 கன செ.மீ. உருக்கு. 212-லேர்ந்து அதைக் கழிச்சா உள்வெற்றிடம் 123 கன செ.மீ. அதோட ஆரம் 30.85 மி.மீ. வெளி ஆரம் 37. ஆக, சுவர் 6.15 மி.மீ.

இந்த 6.15 யாரோ சொல்லி வந்த எண் இல்ல. நீங்க கேட்ட விட்டத்துலேர்ந்தும் எடையிலேர்ந்தும் வந்தது. கேட் கத்துக்கறதுல முக்கால்வாசி இதுதான்: எந்த எண்ணை நாம முடிவு பண்றோம், எந்த எண் தானா வந்து விழணும்னு பிரிக்கத் தெரியறது.

மாடல்

ஃப்ரீகேட் இலவசம், சுமாரான லேப்டாப்லயும் ஓடும். வேற மென்பொருள்னாலும் படிகள் கிட்டத்தட்ட இதேதான்.

ஸ்கெட்ச்ல ஒரே மையத்துல இரண்டு அரை வட்டம் போடுங்க, வெளியே ஒண்ணு, உள்ளே ஒண்ணு. மேலேயும் கீழேயும் முனைகளை அச்சின் மேலயே சின்னக் கோடுகளால இணைங்க. இப்போ பிறை மாதிரி ஒரு மூடிய வடிவம் கிடைக்கும். மையத்தை ஆதிப்புள்ளியோட பூட்டி, இரண்டு ஆரத்தையும் கொடுங்க. எல்லாக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் சரியா விழுந்துட்டா ஸ்கெட்ச் பச்சையாயிடும். பச்சை வராம அடுத்த படிக்குப் போகாதீங்க. அப்புறம் அச்சைச் சுத்தி 360 டிகிரி ரிவால்வ். வடிவம் அச்சைத் தொடலாம், தாண்டக் கூடாது. தாண்டினா எர்ரர் வரும்.

வெளியிலேர்ந்து பாத்தா திட உருண்டைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால செக்‌ஷன் வியூ போட்டு உள்ளே பாருங்க. கன அளவைக் கேளுங்க, 89.2 கன செ.மீ. பக்கத்துல வரணும். சாலிட்வொர்க்ஸ்ல மெட்டீரியல் கொடுக்க மறந்தா, தண்ணியோட அடர்த்தியை வச்சு 89 கிராம்னு காட்டும். கையில கணக்கு இருக்கறவங்கதான் அதைப் பாத்ததும் பிடிப்பாங்க.

எண்களைப் பேச விடுங்க

குண்டு பொறுக்கறதுல ஆட்டக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விட்டம் கை அளவைப் பொறுத்தது. கிட்ட கொண்டு போய் நிறுத்தறவர் கொஞ்சம் சின்னதா, கனமா எடுப்பார். எதிரி குண்டை அடிச்சுத் தள்றவர் கொஞ்சம் பெருசா, லேசா எடுப்பார். அதனால ஸ்ப்ரெட்ஷீட்ல விட்டத்தையும் எடையையும் உள்ளீடா வச்சு, உள் ஆரத்தை ஃபார்முலாவா எழுதுங்க. அதே 700 கிராமுக்கு 71 மி.மீ. குண்டுன்னா சுவர் 6.9 மி.மீ., 78 மி.மீ.ன்னா 5.4 மி.மீ. ஒரு மாடல்லேயே ஒரு குடும்பத்துக்கான குண்டு வந்தாச்சு.

சுவரை 0.1 மி.மீ. மட்டும் மாத்திப் பாருங்க. எடை 9 கிராமுக்கு மேல நகரும். டாலரன்ஸ்னு பாடத்துல படிச்சது இப்போ கிராம் கணக்குல புரியும். பிடிமானத்துக்காக மேல போடற கோடுகளையும் சேருங்க. 1 மி.மீ. அகலம், அரை மி.மீ. ஆழத்துல குண்டோட நடுவைச் சுத்தி ஒரு கோடு வெட்டினா கிட்டத்தட்ட 0.9 கிராம் குறையும். பத்துக் கோடு போட்டா குறையறது கவனிக்க வேண்டிய எடைதான். அதனால கடைசி எடையை எல்லாம் வெட்டி முடிச்ச பிறகு பாக்கணும்.

கடைசியா ஒரு சோதனை

உள் வட்டத்தோட மையத்தை அச்சின் வழியே வெறும் 1 மி.மீ. மேலே நகர்த்துங்க. விட்டம் மாறல, எடையும் மாறல. வெர்னியர் பாஸ் பண்ணும், தராசும் பாஸ் பண்ணும். ஆனா நிறை மையத்தைக் கேட்டுப் பாருங்க, சுமார் 1.4 மி.மீ. கீழே இறங்கியிருக்கும். நாம நகர்த்தினதை விட அதிகம்! வெற்றிடத்துல இல்லாம போன உருக்கு 966 கிராம், இருக்கிற உருக்கு 700 கிராம்தான், அதனால. இந்தக் குண்டு நேரா உருளாது, கனமான பக்கம் இழுக்கும்.

நிஜக் குண்டை இரண்டு அரைக்கோளமா அழுத்தி, வெல்ட் பண்ணி, கடைசல் பிடிச்சுத்தான் செய்யறாங்க. இரண்டு பாதியும் ஒரே தடிமன்ல இல்லைன்னா இதே கோளாறுதான் வரும். இதைச் செய்யறதுக்கு முன்னாடியே திரையில பாக்க முடியறதுக்காகத்தான் கேட். ரெண்டர் படத்தை ஸ்டேட்டஸ்ல போடறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

குண்டு முடிஞ்சா அடுத்தது நோணாங்குப்பத்துலேயே இருக்கு. சுண்ணாம்பாறு படகு இல்லப் பக்கம் போறப்போ ஒரு டேப்பை எடுத்துக்கிட்டுப் போய், கேட்டுட்டு, ஒரு துடுப்பை அளந்து வாங்க. அஞ்சு இடத்துல குறுக்குவெட்டு அளவு எடுத்தா லாஃப்ட் கட்டளைக்குப் போதும். ஸ்கெட்ச் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல இரண்டு பத்தி போடுங்க: 'நான் முடிவு பண்ற எண்', 'தானா வர வேண்டிய எண்'. அந்தத் தாள் நிரம்பின பிறகு மவுஸைத் தொட்டா போதும்.