அடுப்படியில் தொடங்கும் புதுவாழ்வு

பசித்து வந்தவருக்கு அன்னமிடுவது மேலான அறம் என்பதை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவரே உழைத்து உண்ண ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது அதற்கு அடுத்த படி. நாடிழந்து வந்த அகதிகளுக்கும் குடியேறிகளுக்கும் சமையற்கலையைப் பயிற்றுவிக்கும் சமய அறப்பணி மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, இதற்கு நாம் அளிக்கும் பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

18 டாலரில் தொடங்கிய பணி

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதையடுத்து அந்நாட்டு யூதர்கள் தாக்கப்பட்டனர். அதன் பின் வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். மில்வாக்கி நகரில் முன்பே வேரூன்றியிருந்த யூதப் பெருமக்கள், புதிதாக வந்தவர்களுக்காக 1900ஆம் ஆண்டில் ஒரு சேவை இல்லத்தை நிறுவினர். அதன் தலைவியான லிஸ்ஸி கேண்டர் அம்மையார், குடியேறிகளின் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார்.

கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதிலேயே பிள்ளைகளின் நேரம் கழிந்தது. ஆகவே, பாடங்களை அச்சிட 18 டாலர் வேண்டுமென அம்மையார் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். குழு மறுத்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. வணிகர்களிடம் விளம்பரம் திரட்டி, 1901ஆம் ஆண்டில் 1,000 பிரதிகள் அச்சிட்டார். நம் ஆண்டு மலரைப் போல விளம்பரதாரர்களின் ஆதரவால் பிறந்த அந்த 'செட்டில்மெண்ட் குக் புக்', பல பதிப்புகள் கண்டு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. 1911ஆம் ஆண்டில் அந்தச் சேவை இல்லத்துக்குப் புதிய கட்டடம் எழும்ப அதன் வருவாய் பெரிதும் உதவியது.

அவ்வகுப்புகள் பெரும்பாலும் இல்லச் சமையலுக்கானவை. கூலி தரும் தொழிலாக அதைக் கற்பிக்கும் முறை பிற்காலத்தில் வளர்ந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எம்மாஸ் டார்ச்' ஒரு நல்ல சான்று. அது சமய நிறுவனம் அன்று. ஆயினும், யூதக் குடியேறிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க 1884ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு பயிற்சிக்கூடம் எழுவதற்குத் துணைநின்ற கவிஞர் எம்மா லாசரஸ் அம்மையாரின் பெயரையே அது தாங்கியுள்ளது. அங்கு அகதிகளுக்கு ஊதியத்துடன் சமையற்பயிற்சியும் ஆங்கில வகுப்பும் அளித்து, வேலை தேடவும் உதவுகிறார்கள்.

சமையலறை ஏன்?

மொழி தெரியாதவருக்கு அலுவலகத்தில் இடம் கிடைப்பது அரிது. சமையலறையிலோ முதலில் கண்ணும் கையும் கற்கின்றன. மொழி பின்னால் வந்து சேர்கிறது. நாற்பது ஆண்டுகள் குடும்பத்துக்குச் சமைத்த தாய்க்குச் சுவையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே பதார்த்தத்தை, ஒரே அளவில், ஒரே மாலையில் ஐம்பது தடவை பிசகாமல் செய்வதுதான் அவருக்குப் புதிது.

ஆகவே பயிற்சி கத்தி பிடிப்பதில் தொடங்குகிறது. காய்களை ஒரே அளவாக நறுக்கினால்தான் ஒன்றுபோல் வேகும். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, காய்க்கு வேறொரு பலகை. குளிர்ந்த உணவு 5 பாகைக்குக் கீழும், சூடான உணவு 60 பாகைக்கு மேலும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி வரும்போது முன்னால் நிற்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஆர்டர் சீட்டைப் படிப்பது, சம்பளச் சீட்டைப் புரிந்துகொள்வது ஆகியவையும் பாடங்களே.

பணம் எங்கே போகிறது?

அரிசியும் பருப்பும் இதில் சிறு செலவே. பயிற்றுநர் சம்பளம், பயிற்சிக்கால ஊதியம், பேருந்துக் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவையே பெரிய செலவுகள். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான ஒருவர் வருமானமின்றிப் பல வாரங்கள் வகுப்புக்கு வர முடியுமா? பாதியில் நின்றுவிட்டால் அதுவரை செய்த செலவும் வீண்தானே!

அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்கீழ், அரசின் பணத்தைப் பெற்று அகதிகளைக் குடியமர்த்திய அமைப்புகளுள் பல சமயச் சார்புடையவை. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அகதிகள் அனுமதித் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அரசுடன் தாங்கள் செய்திருந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கத்தோலிக்க ஆயர் பேரவை அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. அரசுப் பணத்தை மட்டும் நம்பிய அறப்பணி, ஓர் ஆணையால் தள்ளாடிவிடும். கேண்டர் அம்மையார் தேடிவைத்தது சொந்த வருவாய். ஆகவேதான் அவர் பணி நிலைத்தது.

கருத்தில் கொள்ள வேண்டியவை

அதே நூலில், யூத நெறி விலக்கியுள்ள சிப்பி உணவுக்கும் குறிப்புகள் இருந்தன. புதிய நாட்டுப் பழக்கத்துக்கு மக்களைக் கொண்டுவர வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். இன்று சிரியாவிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ வந்த ஒரு முஸ்லிம் அன்பர் பன்றியிறைச்சியைத் தொட மறுத்தால், அவருக்கு ஏற்ற சமையலறையைத் தேடித் தருவது பயிற்சி தருவோரின் கடமை. உதவி பெற வந்தவரிடம் அவருடைய நெறியை விலையாகக் கேட்பது தருமமாகாது.

ஆகவே இத்தகைய பணிக்கு நிதி வழங்க முன்வரும் அன்பர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறேன். பயிற்சிக் காலத்தில் ஊதியம் உண்டா? முடித்தபின் வேலைக்கு வழி உண்டா? அவரவர் உணவு நெறிக்கும் சமயத்துக்கும் மதிப்பு உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமானால் தயங்காமல் கொடுங்கள். இன்று கரண்டி பிடிக்கக் கற்றவர், நாளை தம் இல்லத்து அடுப்பைத் தாமே ஏற்றுவார். அந்த அடுப்பு அடுத்து வருபவருக்கும் சோறிடும்.