முதல் திரையை ஏலம் எடுத்தவர்கள்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும் முன் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்பார்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் பயிர்க்கடன் கேட்டுப் போனாலும் அதே காகிதங்கள்தான். ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்தில் இவை தேவைப்படாத விவசாயக் குடும்பம் இருக்காது. முன்பெல்லாம் இதற்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். இன்று வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா விவரம் காசில்லாமல் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அந்தச் சேவையின் முகவரியைத்தான் யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. தேடுபொறியில் 'பட்டா சிட்டா' என்று தட்டுவது, அது காட்டும் வழியில் போவது, இதுதான் நடைமுறை. வீட்டுக்கும் அரசுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கிறது என்பதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

தேடல் முடிவுப் பக்கம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். ஆனாலும் அதில் என்னென்ன அடுக்கப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்ததே. மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சிறு எழுத்தோடு விளம்பரங்கள், அடுத்து செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கம், தொட்டால் விரியும் கேள்விப் பெட்டிகள், யூடியூப் காணொளிகளின் வரிசை, இவற்றுக்கு இடையிடையே இணையதளங்கள். எல்லாத் தேடலிலும் எல்லாமே வருவதில்லை. ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் இவற்றில் இரண்டு வந்தாலே முதல் பார்வைக்கான இடம் தீர்ந்துவிடும். கீழே இருக்கும் இணையதளங்களிலும் பல, அரசுத் தளத்துக்கு வழிகாட்டுவதாகச் சொல்லும் தனியார் பக்கங்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பட்டா என்றால் என்ன, சிட்டா என்றால் என்ன, இரண்டுக்கும் என்ன வேறுபாடு, பட்டாவின் பயன்கள் யாவை என்று தலைப்புக்குத் தலைப்பு நீளும். நான்கு வரிக்கு ஒரு விளம்பரம். அதில் 'டவுன்லோடு' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதைத் தொட்டால் பட்டா வராது, வேறு ஏதோ ஒரு செயலி வரும். அரசுத் தளத்தின் இணைப்பு, இருந்தால், அடியில் எங்கோ இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பட்டா வைத்திருப்பவருக்குப் பட்டா என்றால் என்ன என்று பாடம் எடுப்பது, தேடுபொறியில் மேலே ஏறுவதற்காகச் செய்யும் சடங்கு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் பொருள் மதிப்புரைகளுக்கான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தேடல்களை ஓராண்டு கண்காணித்து 2024இல் வெளியிட்ட ஆய்வும் இதே போக்கைத்தான் காட்டியது: மேல் வரிசையில் வரும் பக்கங்கள் தேடுபொறிக்கு ஏற்றபடி அதிகம் செதுக்கப்பட்டவை, எழுத்துத் தரத்தில் தாழ்ந்தவை.

இந்தக் கூட்டத்தில் வேண்டியதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு சிரமம்? விடை கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. 1980இல் ஆன் ட்ரீஸ்மன், காரி ஜெலேட் என்ற உளவியலாளர்கள் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். பச்சைப் புள்ளிகள் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், மொத்தம் பத்தா நூறா என்பது பொருட்டே அல்ல. கண் அதில் போய் நிற்கும். தேடும் பொருள் நிறத்தில் ஒரு கூட்டத்தையும் வடிவத்தில் இன்னொரு கூட்டத்தையும் ஒத்திருந்தால் கதை வேறு; ஒவ்வொன்றாகக் கவனித்துக் கடக்க வேண்டும், எண்ணிக்கை கூடக்கூட நேரமும் கூடும். ஜான் டங்கன், கிளின் ஹம்ஃப்ரீஸ் இருவரும் 1989இல் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள்: தேடப்படுவதும் தேவையற்றதும் எந்த அளவுக்கு ஒன்றுபோல் இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத் தேடல் கடினமாகும். ஆகவே நெரிசல் என்பது எத்தனை பொருள்கள் என்ற கணக்கு மட்டும் அல்ல. ஒன்று போலவே இன்னொன்று இருப்பதும் நெரிசல்தான்.

இந்தக் கண்ணோட்டத்தில் கூகுள் விளம்பரத்தின் வரலாற்றைப் பார்த்தால் அது போகும் திசை தெரியும். தொடக்க காலத்தில் விளம்பரங்களுக்கு வண்ணப் பின்னணி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் இது வேறு, அது வேறு என்று தெரிந்தது. 2013-14இல் பின்னணி போய்ச் சிறு மஞ்சள் பட்டை வந்தது. 2016இல் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்கள் நீக்கப்பட்டு, முடிவுகளின் தலைமேலே நான்கு விளம்பரங்கள் வரை வர வழி திறந்தது. அதே ஆண்டில் மஞ்சள் பட்டை பச்சையானது; இணையமுகவரி எழுத்தின் நிறமும் அப்போது பச்சை. 2020 ஜனவரியில் கணினித் தேடலிலும் சாதாரண முடிவுகளுக்குச் சின்னஞ்சிறு இலச்சினைகள், விளம்பரத்துக்கு அதே இடத்தில் கறுப்பு எழுத்து என்று மாற்றியபோது, இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது; நிறுவனம் சற்றுப் பின்வாங்கியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2013இலேயே தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, விளம்பரங்களை அடையாளம் காண்பது வரவரக் கடினமாகிறது என்று எச்சரித்திருந்தது.

'அதுதான் விளம்பரம் என்று எழுதியிருக்கிறதே, படித்துப் பார்த்துத் தொட வேண்டியது அவரவர் பொறுப்பு' என்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் டிர்க் லெவன்டோவ்ஸ்கி ஆயிரம் இணையப் பயனர்களிடம் தேடல் பக்கங்களைக் கொடுத்து, விளம்பரம் எது, சாதாரண முடிவு எது என்று குறிக்கச் சொன்னார். எல்லா இடங்களையும் சரியாகக் குறித்தவர்கள் நூற்றுக்கு 1.3 பேர். வேறுபாடு தெரியாதவர்கள், தெரிந்தவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு விளம்பரங்களைத் தொடுகிறார்கள் என்பதையும் அவருடைய குழு அடுத்து காட்டியது. இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியான சோதனையில், கூகுள் முடிவுகளின் வரிசையைத் தலைகீழாக மாற்றி, பத்தாவதை முதலாவதாக வைத்தார்கள். மாணவர்கள் பெரும்பாலும் மேலே இருந்ததையே நம்பினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவருக்கும், தாய்மொழியில் பக்கத்தைப் படித்த ஜெர்மானியருக்கும் இதுதான் நிலை என்றால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கும் அடையாளச் சொல்லைக் கடந்து போகும் ஐம்பது வயது விவசாயியிடம் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகுமா? எச்சரிக்கை உள்ளவர் தப்பிப்பார் என்ற வாதம், எச்சரிக்கையாக இருக்கத் தேவையான எழுத்தறிவும் திரை அகலமும் எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது.

இழப்பு என்றதும் மோசடியைத்தான் நினைக்கிறோம். அது இருக்கிறது, சில்லறை விஷயமும் அல்ல. பாஸ்போர்ட் சேவை போலவே பெயரும் தோற்றமும் வைத்துப் பணம் பறிக்கும் தளங்களின் பெயர்களை வெளியுறவு அமைச்சகமே பட்டியலிட்டு எச்சரித்திருக்கிறது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, முதலில் கிடைத்த எண்ணுக்குப் பேசி, ஓடிபியைச் சொல்லிக் கணக்கைக் காலி செய்துகொண்ட கதைகள் நாளிதழ்களில் ஓய்வதில்லை. ஆனாலும் மோசடிக்கு ஆளாகாதவர்களின் இழப்புதான் பரவலானது என்பது என் கணிப்பு. நாலைந்து பக்கம் திறந்து, எதிலும் சர்வே எண் கேட்கும் கட்டத்தைக் காணாமல், 'நமக்கு இது ஒத்துவராது' என்று கைப்பேசியை வைத்துவிடுகிறவரை யார் கணக்கெடுக்கிறார்கள்? அவர் அடுத்து பஸ் ஏறி ஜெராக்ஸ் கடைக்குப் போவார். இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்கு அங்கே கேட்டதைக் கொடுப்பார். இடைத்தரகரை ஒழிக்கத்தான் இணையச் சேவை வந்தது. அந்த இடைத்தரகர் இப்போது தேடல் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார்.

விளம்பரம் இல்லாவிட்டால் தேடல் இலவசமாகக் கிடைக்குமா என்பது நேர்மையான கேள்வி. கூகுளை நிறுவிய செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயவே செய்யும், பயனரின் தேவையிலிருந்து விலகும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இரண்டே ஆண்டில், 2000 அக்டோபரில், அவர்களுடைய விளம்பரச் சேவை தொடங்கியது. போட்டி இருந்தால் சந்தை தானே சரிசெய்யும் என்றும் சொல்லலாம். அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தந்த தீர்ப்பு அதற்கும் விடை சொன்னது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்பது தீர்ப்பு. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வருமானம் குறையாது என்று கூகுளின் சொந்த ஆய்வே 2020இல் கண்டறிந்தது என்ற தகவலும் அதில் இருக்கிறது. பயனர் வேறு எங்கும் போகமாட்டார் என்றால் நெரிசலைக் குறைக்க எந்த அவசரமும் இல்லை.

விளம்பரமே கூடாது என்பதல்ல என் வாதம். செருப்பு வாங்கத் தேடுகிறவருக்குப் பல விடைகள் சரி. விளம்பரமும் ஒரு விடையாக இருக்கலாம். பட்டா, வில்லங்கச் சான்று, பாஸ்போர்ட் போன்றவற்றுக்குச் சரியான கதவு ஒன்றே ஒன்றுதான். அங்கே மேலிடத்தை விற்பதால் தேடுகிறவருக்கு ஒரு தகவலும் கூடுவதில்லை. இதைக் கூகுளும் பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசு ஆவணங்களுக்கான விளம்பரங்களை அரசோ அரசு அங்கீகரித்தவரோ மட்டுமே தரலாம் என்று அதன் விளம்பர விதியே சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் முதல் திரையை நிரப்பும் மற்றவை, வழிகாட்டிப் பக்கங்களும் அவற்றுக்குள் மினுங்கும் பொய்ப் பொத்தான்களும், அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன.

இடத்தைப் பங்கிடும் கேள்வி புதிதல்ல. நாம் தொடங்கிய அதே உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை சொல்லும் ஊர்ச் சபை எல்லாருக்குமானது அல்ல. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்தது. ஆனால் இடத்தைப் பங்கிடும் முறையில் அவர்கள் காட்டிய கவனத்தைப் பார்க்க வேண்டும். முப்பது குடும்புகளின், அதாவது ஊர்ப்பிரிவுகளின், ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது என்றார்கள். வரிசையைத் தீர்மானிப்பவருக்கு அந்த வரிசையில் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். தேடுபொறியில் தரவரிசை போடுகிறவரும் மேலிடத்தை ஏலம் விடுகிறவரும் ஒருவரே.

தரவரிசை போடுகிறவரின் ஆதாயம் பற்றி நம் நாட்டிலும் ஒருமுறை கேள்வி எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் தந்த புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சில சிறப்பு முடிவுகளைப் பொருத்தம் பார்க்காமல் குறிப்பிட்ட இடங்களில் நிலையாக வைத்ததும், விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பெட்டியை முன்னிறுத்தியதும் தவறு என்றது ஆணையம். கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. முடிவுப் பக்கத்தில் எது எங்கே நிற்கிறது என்பது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட விஷயம் என்று இந்தியாவில் நிலைநாட்டிய அளவில் அது முக்கியமான ஆணை.

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்துவிட்டதே, இனி நெரிசல் எதற்கு என்பது புது நம்பிக்கை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பார்த்ததில், சுருக்கம் இல்லாத பக்கங்களில் நூற்றுக்கு 15 முறையும் சுருக்கம் இருந்தபோது 8 முறையும்தான் மக்கள் இணைப்பைத் தொட்டிருந்தார்கள். பட்டா தேடுகிறவருக்கு வேண்டியது விளக்கம் அல்ல, உள்ளே நுழையும் இணைப்பு. அந்த இணைப்பின் மேல் இன்னொரு அடுக்கு எழுப்பியதுதான் மிச்சம்.

பழி முழுவதையும் தேடுபொறி மீது போடவும் முடியாது. ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால்தான் அரசுத் தளம் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்தான். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஆனால் மின்கட்டணம் கட்டும் தளத்தின் முகவரி டாட் ஓஆர்ஜி என்று முடிகிறது; ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். அரசே கடைப்பிடிக்காத அடையாளத்தை விவசாயி எப்படி நம்புவார்? தமிழக அரசு முதலில் தன் எல்லாச் சேவைகளையும் ஒரே முடிவுள்ள முகவரிக்குள் கொண்டுவர வேண்டும். அந்த முகவரிகளைத் தாலுகா அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் கொள்முதல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். கியூஆர் குறியீடாக ஒட்டினால் அதன் மேல் வேறொன்றை ஒட்டிவிடலாம். பெயிண்டால் எழுதியதை மறைப்பது அவ்வளவு சுலபமல்ல. ஒரே கதவுள்ள அரசுச் சேவைகளுக்கான தேடலில் அரசுத் தளமே முதல் திரையில் வர வேண்டும் என்று போட்டி ஆணையமும் மின்னணுவியல் அமைச்சகமும் விதி செய்ய வேண்டும்.

அதுவரை தேடாமல் நேரே தட்டுவதற்கு: பட்டா, சிட்டாவுக்கு இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். வில்லங்கச் சான்றுக்கு டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன். பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.