மருத்துவ ஏட்டுக் களஞ்சியமும் எலிக்காய்ச்சலும்

பருவமழை தொடங்கியதும் சப்பிரகமுவ மாகாணத்தில் எலிக்காய்ச்சல் பற்றிய அச்சமும் உடன் தோன்றுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வயல்களிலும், மாணிக்கக்கல் அகழும் குழிகளிலும், தோட்டத்து ஓடைக்கரைகளிலும் வேலை செய்வோரே இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றனர். எலி முதலிய பிராணிகளின் சிறுநீரிலுள்ள கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே மனிதர் உடலிற் புகுகின்றது. காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோவு, கண்சிவப்பு என்பன முதற்கண் தோன்றும் குறிகள். நோய் முற்றினால் சிறுநீரகம் பழுதுறும். உயிருக்கே ஆபத்து நேரலாம். 2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 7,000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோயுற்றதாக அறிவிக்கப்பட்டனர்.

இந்நோய் வருமுன் காக்கும் பொருட்டு ‘டொக்சிசைக்கிளின்’ என்னும் மருந்தைச் சுகாதாரப் பகுதியினர் வழங்குவதுண்டு. அம்மருந்து எந்த அளவுக்குக் காக்கும்? சப்பிரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் அமைந்துள்ளது. அங்கே பயிலும் மாணவர் ஒருவர் இவ்வினாவுக்கு விடை காண விரும்பினால், அவர் முதலில் நாட வேண்டிய இடம் நூலகமே.

உலகெங்கும் வெளிவரும் மருத்துவ சஞ்சிகைகளை ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் படித்தாலும் முடிவு காண இயலாது. இதனை உணர்ந்த ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், 1879ஆம் ஆண்டில் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் அட்டவணையைத் தொடங்கினார். அச்சில் வந்த அவ்வேலை 1960களில் கணினிக்கு மாறியது. 1996ஆம் ஆண்டில் ‘பப்மெட்’ என்னும் பெயருடன் இணையத்திற்கு வந்தது. இன்று மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்களை எவரும் கட்டணமின்றி அதிற் பார்க்கலாம்.

ஆயினும், களஞ்சியம் பெரிதாயின் தேடுவோருக்கு முறையும் வேண்டும். ஒரே நோயை ஒருவர் ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என எழுதுவார். மற்றொருவர் ‘வைல் நோய்’ என்பார். இத்தகைய பல பெயர்களையும் ஒரு பொதுத் தலைப்பின்கீழ்த் தொகுத்து வைத்திருக்கும் சொற்பட்டியலுக்கு ‘மெஷ்’ என்று பெயர். அத்தலைப்பைக் கொண்டு தேடினால், பெயர் வேறுபாட்டால் கட்டுரைகள் தவறிப்போவது குறையும். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ‘உம்’ என்னும் பொருள்தரும் ஆங்கில இணைப்புச் சொல்லாற் சேர்த்தால், இரண்டையும் பற்றிய கட்டுரைகள் மட்டுமே வரும். ‘அல்லது’ என்னும் பொருள்தரும் சொல்லாற் சேர்த்தால், ஏதேனும் ஒன்றைப் பற்றியவை யாவும் வரும். முன்னது வலையைச் சுருக்கும்; பின்னது விரிக்கும்.

பப்மெட் தருவது பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கமே. முழுக் கட்டுரைக்குச் சில சஞ்சிகைகள் பெருந்தொகை கேட்கும். இங்கேதான் பல்கலைக்கழக நூலகத்தின் உதவி தேவைப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனம் பதிப்பாளர்களுடன் சேர்ந்து 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஹினாரி’ திட்டம், வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சஞ்சிகைகளைத் திறந்துவிடுகின்றது. அதற்கு வழிகாட்டுபவர் நூலகர். கேட்கத் தயங்குவோர்க்கே நட்டம்.

இனி, அம்மாணவரின் தேடலிற் கிடைக்கும் இரண்டு ஆய்வுகளை நோக்குக. 1984இல் வெளியான ஆய்வு, பனாமாக் காட்டில் சுமார் மூன்று வாரம் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரரைப் பற்றியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 20 பேருக்கு நோய் கண்டது. வாரந்தோறும் டொக்சிசைக்கிளின் உண்டவர்களிலோ ஒருவருக்கே கண்டது. இதைமட்டும் படித்தவர் மருந்து பூரண காவல் என்றே முடிவு செய்வார். ஆனால் 2000ஆம் ஆண்டில் அந்தமான் தீவு மக்களிடையே நடந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே மருந்து நோய்க்குறிகளை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேரிலிருந்து மூன்று பேராகக் குறைத்தது. கிருமி தொற்றுவதையோ அது தடுத்ததாகத் தெரியவில்லை. இத்தகைய ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு, மருந்தின் பயன் ஐயமற நிறுவப்படவில்லை என்று 2009இல் கூறிற்று.

சில வாரங்கள் காட்டில் தங்கிச் செல்லும் படைவீரர் வேறு. ஆண்டு முழுவதும் ஈரநிலத்தில் நிற்கும் தொழிலாளி வேறு. யாரிடம், எங்கே, எத்தனை நாள் நடந்த ஆய்வு என்று கேளாமல் அதன் முடிவை யட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ அப்படியே பொருத்துதல் தகாது. முதலிற் கண்ட கட்டுரையோடு நின்றுவிடுபவர், மாத்திரை உண்டவருக்கு வந்த காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இராது என்று எண்ணிவிடக்கூடும். அவ்வெண்ணம் ஓர் உயிரையே பறிக்கலாம்.

ஆகவே, அறிவுறுத்தப்பட்டவர் மருந்தை உண்ணட்டும். காயத்தை மூடி, காலணி அணியட்டும். காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, சேற்றில் வேலை செய்ததையும் சொல்லட்டும். நூலகத்தில் ஒரு மாணவர் இன்னும் ஒருமணி நேரம் பொறுமையுடன் தேடுவதன் பயன், லயத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பவரை இவ்விதமே சென்றடைகின்றது.