ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு மூன்று நாள்

எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டென்மார்க் என்பது உலகப்படத்தில் மட்டும் இருக்கும் நாடன்று. இந்த வட்டாரத்து ஜெண்ட்ராத்தா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்தன்ஹோல்ஸ் என்ற டேனியப் பொறியியலாளர். இன்று செம்பனைக்குப் பெயர்பெற்ற யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். சுவீடனில் உள்ள லுண்ட் நகரில் ஒரு பருவம் பரிமாற்ற மாணவனாகப் படிக்க வாய்ப்புக் கிடைத்தபோது, முதல் விடுமுறைக்கு நண்பர்கள் பாரிஸ் டிக்கெட் தேடினார்கள். நான் கோபன்ஹேகனுக்கு ரயில் ஏறினேன்.

லுண்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2000இல் திறக்கப்பட்ட ஓரேசுண்ட் பாலத்தில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் கடலுக்கு மேலே ஓடும் ரயில், ஒரு செயற்கைத் தீவைத் தொட்டுவிட்டு, மீதித் தூரத்தைக் கடலடிச் சுரங்கத்தில் கடக்கிறது. செலவைப் பற்றி ஒரு வார்த்தை: இது விலைவாசி கூடிய நகரம். ஒரு காப்பியின் விலையில் நம் ஊரில் இருவர் வயிறாரச் சாப்பிடலாம். மாணவர் விடுதியில் பொதுச் சமையலறை இருந்ததால், டின் சார்டினும் சம்பலும் என்னைக் காப்பாற்றின. ஊர் சுற்றுவதற்குக் கால்களே போதும். பழைய நகரம் அவ்வளவு சிறியது.

முதலில் போனது வட்டக் கோபுரத்துக்கு. நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கட்டி, 1642இல் முடிந்தது. உயரம் ஏறக்குறைய 35 மீட்டர். உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாக, செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. உச்சியில் வானாய்வுக் கூடம், நடுவில் அந்நாளில் பல்கலைக்கழக நூலகம். கனமான கருவிகளையும் புத்தகங்களையும் மேலே கொண்டுபோக வேண்டியிருந்ததால் இந்த ஏற்பாடு. ரஷ்யாவின் பீட்டர் மன்னர் 1716இல் இதில் குதிரையிலேயே ஏறினார் என்பார்கள். எனக்கோ தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம்தான் ஞாபகம் வந்தது. 1885இல் கட்டிய நம் கோபுரம் வெளியே எட்டு மாடி, உள்ளே மூன்றே மாடி என்று ஏமாற்றும். கண்ணைக் குழப்புவதில் இதற்கு அது சளைத்ததல்ல.

இதே கிறிஸ்டியன் மன்னருக்குத் தமிழோடும் ஒரு தொடர்பு உண்டு. மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியவர் அவர். ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் 1618இல் புறப்பட்ட கப்பல்கள், நெடுங்காலம் கடலில் கிடந்து, பலரைப் பலிகொடுத்து இலங்கையை அடைந்தன. பிறகு 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூன்று நாள் பயணி நினைத்தவுடன் போய்ப் பார்க்கும் பொருளல்ல அது. ஆனால் நான் நடக்கும் தெருக்களுக்கு நடுவே எங்கோ ஒரு பெட்டிக்குள் தமிழெழுத்து இருக்கிறது என்ற நினைப்பே அந்த ஊரை எனக்கு அந்நியமில்லாமல் ஆக்கியது.

தரங்கம்பாடி 1845 வரை டேனியர் கையில் இருந்தது. பிறகு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இதற்கிடையே, டேனிய மன்னர் அனுப்பி 1706இல் வந்துசேர்ந்த சீகன்பால்க் அங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகங்கள் அச்சிட்டார். சரியாக இருநூறு ஆண்டு கழித்துத்தான் நம் ஊர்த் தோட்டம். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் கிறிஸ்டியான்ஸ்ஹவுன் கால்வாய்ப் பக்கம் போனேன். ஆசியக் கம்பெனியின் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடமும் கிடங்கும் நீரோரத்தில் நிற்கின்றன. இடத்தின் பெயரே ஆசியச் சதுக்கம். இப்போது அங்கே வெளியுறவு அமைச்சு இயங்குகிறது. கிடங்கின் சுவர் கனத்தைப் பார்த்தாலே எவ்வளவு சரக்கு வந்து இறங்கியிருக்கும் என்று புரிகிறது. அந்தத் துணியை நெய்தவர்கள் யார் என்று கேட்டால் சுவர் பதில் சொல்லாது.

அங்கிருந்தே பாட்டிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர்.

"தொரைமாருங்க ஊராய்யா அது? அங்கே பால்மரம் இருக்கா?"

"இல்ல பாட்டி. இந்தக் குளிர்ல மரம் வராது."

"அப்புறம் அவங்களுக்கு மரத்தைப் பத்தி யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

வெஸ்தன்ஹோல்ஸ் சயாமில் மின்சாரக் கம்பெனி வேலையில் இருந்தவர் என்று ஆரம்பித்தேன். பாட்டி காதில் அது விழவில்லை. தனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது தன் அத்தை என்றார். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், மழைநாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பது எப்படி, பெரட்டுக்கு நேரம் தப்பினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக வந்தது. இதையெல்லாம் நான் இதுவரை கேட்டதே இல்லை. மூன்றாம் நாளுக்கு வைத்திருந்த அரண்மனைச் சீட்டு பையிலேயே கிடந்தது. விடுதி மேசையில் உட்கார்ந்து மறுபடி அழைத்து, அத்தையின் பெயரிலிருந்து எழுதத் தொடங்கினேன்.