தாய்ப்பலகையை மாற்றுமுன்

இல்லத்துக் கம்ப்யூட்டர் பழையதாயின், அதை அடியோடு கழிப்பதா, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையை மட்டும் மாற்றுவதா என்னும் வினா எழுகின்றது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிவுற்றபின், பழுதற்ற பெட்டிகளுக்கும் இவ்வினா வந்துவிட்டது. சித்தூர், திருப்பதி, காணிப்பாக்கம் முதலிய ஊர்களில் அளவான வருவாயில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு இது சிறு செலவன்று. ஆகவே கடைக்குச் செல்லுமுன் சில செய்திகளை அறிந்துகொள்ளல் நலம்.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராஸஸராயின் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்டதாக இருத்தல் வேண்டும். பல பலகைகளில் இவ்வசதி இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டாலே காசு செலவின்றிக் காரியம் முடியலாம்.

பலகையை மாற்றியே தீரவேண்டுமெனில், முதலில் நோக்க வேண்டியது பிராஸஸர் அமரும் சாக்கெட். காட்பாடி–பாகாலா–திருப்பதி மார்க்கம் முன்பு மீட்டர் கேஜ்; தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். பிராட்கேஜில் அது 1,676. பாதை மாறியதும் பழைய வண்டிகள் அதில் ஓட இயலாது போயின. அந்த வேற்றுமை கண்ணுக்குத் தெரியும், சாக்கெட்டிலோ தெரிவதில்லை. எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயரில் 2015-லும் 2017-லும் இருவகை வந்தன. 6, 7-ஆம் தலைமுறைப் பிராஸஸர்களுக்கு 100, 200 வரிசைச் சிப்செட் பலகை. 8, 9-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை. எண்ணை மட்டும் நம்பி மாற்றி வாங்கினால் இயங்காது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டிலும், புதிய பிராஸஸருக்குப் பழைய பலகையின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ராம். டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறிடத்தில் உள்ளது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் டி.டி.ஆர்.4 ஏற்பனவும், டி.டி.ஆர்.5 ஏற்பனவும் தனித்தனியே உண்டு. கையில் நல்ல டி.டி.ஆர்.4 இருப்பின் முதல்வகையைக் கேட்டு வாங்குக. 2025 இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறியதை நோக்கின், இது நல்ல சேமிப்பாகும்.

மூன்றாவது, அளவு. ஏ.டி.எக்ஸ். பலகை 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. சில நிறுவனப் பெட்டிகளில் பலகையின் வடிவும் மின்இணைப்பும் அவற்றுக்கே உரியவை. பொதுச் சந்தைப் பலகை அவற்றில் பொருந்தாது. வழக்கமான 24 முனை மின்இணைப்பு உளதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

பெட்டியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பழைய பலகையோடு கட்டுண்டது. பலகை மாறினால் புதிய உரிமம் வேண்டியிருக்கும். அச்செலவையும் கணக்கிற் சேர்க்க. பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறு டிஸ்க்கில் முன்னரே நகலெடுத்துக்கொள்க.

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ பழைய பலகை வாங்குவோர், பிராஸஸரையும் ராமையும் உடன் கொண்டுசென்று, கடையிலேயே இயக்கிப் பார்த்து, ரசீது பெறுதல் வேண்டும்.

பலகை, பிராஸஸர், ராம் மூன்றையும் மாற்றும் நிலை வந்தால், அது ஏறக்குறையப் புதுப் பெட்டியின் விலையே. கடிதமும் பாடமும் மட்டுமே தேவையெனின், ஒரு எஸ்.எஸ்.டி.யும் இலவசமான லினக்ஸும் பழைய பெட்டிக்கு மேலும் சில ஆண்டு ஆயுள் தரும். எது தேவையென்று வீட்டிலேயே முடிவுசெய்து, மாடல் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடையேறுவோர்க்கு வீண்செலவு நேராது.